சத்தமே வராத பெடல்

— சீ, கருமம்! இதென்னங்க இந்தப் பெடல் பலகை மேல ஒட்டிக்கிட்டிருக்கு?

— சூயிங்கம் மேடம். காஞ்சு போயிடுச்சு, ஒண்ணும் பண்ணாது.

— எவன் வாயிலேந்து வந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு? நான் வெறுங்கால்ல வாசிக்கிறவ. செருப்பு போட்டா எனக்குக் காலால அடிக்கிற பேஸ் டிரம் வரவே வராது. எவனோ மென்னு துப்பினது மேல நான் கட்டைவிரலை வைக்கணுமாக்கும்.

— அக்கா, சொன்னா கேளு, டென்ஷன் ஆகாத. கடைன்னா நாலு பேர் மிதிச்சுத்தான் பாப்பாங்க. வாங்கினப்புறம் நல்லாத் தொடைச்சுக்கலாம்.

— தொடைச்சா பலகைலேந்து போகும். மனசுலேந்து போகுமாடா? அடுத்ததைக் காட்டுங்க கடைக்காரரே.

— இதப் பாருங்க மேடம். என் தொழில் மேல சத்தியமா சொல்றேன், இதுக்கு மேல ஒரு பெடல் கிடையாது. ரெட்டைச் சங்கிலி. சும்மா காலை வெச்சாப் போதும், தானா அடிக்கும்.

— தானா அடிச்சா அப்புறம் நான் எதுக்கு? தள்ளுங்க, மிதிச்சுப் பாக்கறேன். ஐயே, என்னங்க இது, ஓட்டை சைக்கிள் மாதிரி கொடகொடங்குது!

— சத்தம் வருதுல்ல? அப்ப வேண்டாம். நான் உள்ள வரும்போதே சொன்னேன், பெடல்லேந்து மூச்சுச் சத்தம் கூட வரக் கூடாது. டிரம்மு மட்டும்தான் கேக்கணும்.

— டிரம்மு மேல அடி விழும்போது இந்தச் சங்கிலிச் சத்தம் எங்க சார் கேக்கப் போகுது?

— கேக்கும். எங்க அக்கா பெடல்ல கேட்டுச்சு. போன வருஷம் நாலு நாள் ரெக்கார்டிங் அதனாலயும்தான் பாழாப் போச்சு.

— சொல்லு, சொல்லு. தெருவுல போறவங்க நாலு பேரையும் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொல்லு. டேய், மொதல்ல அந்த மிட்டாயைக் கடிச்சு முழுங்கு. பல்லுல போட்டு டொக்கு டொக்குன்னு உருட்டாத, கொமட்டுது எனக்கு. சின்ன வயசுலேந்து இவனுக்கு இதே பழக்கம்ங்க. பொய் சொல்லும்போதெல்லாம் வாயில ஒரு மிட்டாய் உருளும்.

— இப்ப நான் என்னக்கா பொய் சொன்னேன்?

— இன்னிக்கு இன்னும் ஆரம்பிக்கல போலிருக்கு. கடைக்காரரே, அந்த மூலையில இருக்கறது என்ன?

— அது ரெட்டை பெடல் மேடம். ரெண்டு காலாலயும் வாசிக்கலாம்.

— ஒரு கால் படுத்தற பாடே போதும். டிரம்முல போய் அடிக்கிற அந்தப் பஞ்சு மண்டைக் கட்டையைப் பாருங்க, பூசணம் புடிச்சிருக்கு.

— பூசணம் இல்லை மேடம், தூசி.

— தூசி பச்சையாவா இருக்கும்? சீ, இந்தக் கைய எங்க தொடைக்கிறதுன்னு தெரியலை. எரியிற கொள்ளியில எது நல்ல கொள்ளின்னு பாக்க என்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கான் என் தம்பி.

— மேடம், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கறுப்புப் பெடலைப் பாருங்க. ஊரே கேக்குதே ஒரு ரெக்கார்டு, மஞ்ச அட்டை போட்டது. அதுல டிரம்ஸ் வாசிச்சவர் இதைத்தான் வெச்சிருக்கார். நம்ம கடைலதான் வாங்கினார்.

— அப்படியா! டேய், கேட்டியா? உன் மச்சினன் இங்க வந்துதான் வாங்கினானாம்.

— அக்கா, விடு.

— மச்சினனா? சார், நீங்க... அட, அட்டையில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஓரமா நிப்பீங்களே! கண்ணாடி இல்லாம அடையாளமே தெரியலை சார். உங்க குழுதானா அது!

— அதை விடுங்க. அவன் உங்ககிட்ட வாங்கினானா இல்லையா?

— வியாபாரத்துல ஒண்ணு ரெண்டு வார்த்தை அப்படி இப்படி வரும் மேடம். மன்னிச்சுக்குங்க.

— தொழில் மேல சத்தியம் பண்ணீங்களே.

— அது முந்தின பெடலுக்கு மேடம்.

— நல்ல ஆளுய்யா நீங்க. இவனுக்கு நீங்க தேவலாம், கேட்டதும் ஒத்துக்கிட்டீங்க.

— ஆனா இது பொய்யில்லை மேடம். பத்து மாசமா தெனம் காலைல கடை தொறந்ததும் அந்த ரெக்கார்டைத்தான் போடுவேன். அதுலயும் அந்த மூணாவது பாட்டு. எல்லாரும் நிறுத்திடுவாங்க, டிரம்மு மட்டும் தனியாப் போகும். அதைக் கேக்கும்போது எனக்கு முடியெல்லாம் நட்டுக்கும்.

— எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

— உங்க தம்பியோட ரெக்கார்டையா?

— பஸ்ல போட்டா எறங்கி நடந்துடுவேன். பக்கத்து வீட்டுல போட்டா ஜன்னலைச் சாத்திடுவேன். கடைல அந்த மஞ்ச அட்டை தொங்கினா எதிர்ப் பக்கம் போயிடுவேன்.

— அக்கா, ஒரு நிமிஷம். ஃபோன் வருது, வெளிய போய்ப் பேசிட்டு வந்துடறேன். நீ பாத்துக்கிட்டிரு. சத்தம் வராததா பாரு.

— போ, போ. அந்த செண்ட் வாடையையும் கூட எடுத்துக்கிட்டுப் போ. பினாயில் ஊத்தின மாதிரி அடிக்குது.

— சார் நிகழ்ச்சிக்காரங்ககிட்ட பேசறார் போல. ஞாயித்துக்கிழமை சார் குழுவோட கச்சேரிக்கு அரங்கத்துல சவுண்டு நான்தான் மேடம். நம்ம கடை ஸ்பீக்கர், நம்ம மிக்ஸர். எந்தக் குழுன்னு நேத்துதான் எனக்கே சொன்னாங்க. சார் வந்ததும் சொல்லணும், சந்தோஷப்படுவார்.

— சந்தோஷப்படுவான், படுவான்.

— கோவமா மேடம், தம்பி மேல?

— கோவம் என்னங்க கோவம். அந்த ரெக்கார்டுக்கு மொதல்ல நாலு நாள் வாசிச்சது நான். அழிச்சுட்டாங்க. கால் தாமதமா விழுதாம், பாட்டுக்குப் பின்னாலயே இழுக்குதாம். இவன் வீட்டுக்கு வந்து, என் தையல் மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான். அக்கா, உன் கால் போச்சுக்கான்னு. அப்புறம் மச்சினனை வெச்சு எல்லாத்தையும் புதுசா எடுத்தாங்க.

— நீங்க டெய்லரா மேடம்?

— பகல் பூரா மெஷின் மிதிக்கிற காலுங்க இது. பதினாறு வயசுலேந்து. அந்தக் கால் தாமதமா விழுதுன்னா எனக்கு எப்படி இருந்திருக்கும்? டாக்டர்கிட்ட போனேன். கால்ல ஒண்ணும் இல்லைம்மான்னார். அவர் மேல நம்பிக்கை இல்லாம இன்னொருத்தர்கிட்ட போனேன். அவரும் அதையே சொன்னார். ரெண்டு பேரும் படிக்காமப் பாஸ் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்.

— அப்ப இன்னிக்கு எதுக்கு மேடம் பெடல்?

— ஞாயித்துக்கிழமை துணைக்கு வாசின்னு கூப்பிட்டிருக்கான். முன்னாடி மச்சினன், பின்னாடி நான். போ போன்னு சொன்ன வாயால வா வாங்கறான். எனக்கு மானம் ரோஷம் இருந்தா வரக் கூடாது. ஆனா ஒரு வருஷமாச்சுங்க ஒரு டிரம்மு முன்னாடி உக்காந்து. பெடல் நல்லதா இருந்தா கால் சரியாயிடுமோன்னு ஒரு நப்பாசை. பிரிக்காத பொட்டி ஏதாவது இருக்கா? எவனும் மிதிக்காதது?

— இருக்கு மேடம். சங்கிலி கிடையாது, துணி பெல்ட்டு. இருங்க, டேப்பைக் கிழிக்கறேன். தோ, மாட்டியாச்சு. வாசிங்க.

— கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. தாளம் காட்டுற டிக்டிக் மெஷின் ஒண்ணு வைங்க.

— எதுக்கு மேடம்?

— வைங்கன்னா வைங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், வியாபாரப் பேச்சு வேண்டாம். நான் ஒரு அஞ்சு நிமிஷம் வாசிக்கறேன். என் கால் அந்த டிக்குக்குப் பின்னாடி விழுதா, மேல விழுதான்னு பாத்துச் சொல்லுங்க. விழுந்தா விழுதுன்னு சொல்லிடுங்க. இந்தப் பொட்டியை மூடிட்டு எழுந்து போயிடறேன், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்.

— சரி மேடம். ஆரம்பிங்க.

...

— என்னங்க, எதுக்கு அந்த டிக்டிக் கிட்ட போய்க் குனிஞ்சு பாக்கறீங்க? விழுதுல்ல?

— மேடம், நடுவுல டிக்டிக் நின்னு போச்சுன்னு நெனச்சேன். கிட்ட போய்ப் பாத்தேன், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க அடிக்குள்ள அது ஒளிஞ்சுக்கிச்சு.

— பொய் சொல்லாதீங்க.

— இதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன் மேடம். என் சத்தியத்தை நீங்கதான் பாத்துட்டீங்களே. இருபது வருஷமா இந்தக் கடைல நின்னு எத்தனையோ பேர் மிதிச்சுப் பாத்திருக்கேன். இப்படி ஒரு காலை நான் பாத்ததில்லை.

— அப்ப அன்னிக்கு மட்டும் ஏங்க அப்படி விழுந்துச்சு?

— ஆ, முடிஞ்சுதா? என்னக்கா, இது நல்லா இருக்கே. வெளிய நின்னு கேட்டேன், சத்தமே இல்லை.

— இருக்கு. வழவழன்னு இருக்கு. செத்த மீனை மிதிக்கிற மாதிரி.

— உனக்குன்னு ஒரு பெடல் வானத்துலேந்தா வரும்? இதுவே எடுத்துக்கலாம். பில்லைப் போடுங்க. மாதிரிக்குன்னு நீ எடுத்துக்கிட்டு வந்த பழைய பெடலை இங்கேயே போட்டுட்டுப் போயிடலாம், இவங்க பழைய இரும்புல போட்டுடுவாங்க. அந்தப் பையைக் குடு அக்கா.

— அது எதுக்கு இங்க? என் சாமான் அது.

— அந்தத் துருப்புடிச்ச சனியனை வெச்சு என்ன பண்ணப் போற? நம்ம குடும்பத்துக்கே அது தரித்திரம். குடுக்கா, நான் போடறேன்.

— டேய், இழுக்காத! பை கிழியுது.

— குடுங்க சார், நான் பாக்கறேன். பழசுன்னா அதுலேந்து ஸ்பிரிங் கிஸ்பிரிங் கழட்டிக்கலாம். அடடே, என்ன மேடம் இது! தையல் மெஷின் பெல்ட்டு மாட்டியிருக்கீங்க?

— சங்கிலி அறுந்துடுச்சு. அன்னிக்குக் கச்சேரி. மெஷின்ல இருந்த தோல் பெல்ட்டை அறுத்து, கம்பிக் கொக்கி போட்டுச் சேத்தேன். அப்புறம் அதுவே பழகிப் போச்சு.

— உலகத்துலயே இப்படி ஒரு பெடல் இருக்காது மேடம். மாட்டிப் பாக்கலாமா, ஆசையா இருக்கு.

— வேண்டாம், வேண்டாம். நேரமாச்சு. வண்டியத் தப்பான எடத்துல நிறுத்தியிருக்கேன்.

— ஒரு மிதி சார், அவ்வளவுதான். தோ...

— கேட்டீங்களா? கீச்சுனு கத்தும். அந்தக் கொக்கி சக்கரத்து மேல ஏறும்போது உராயுது. பாதி மிதிக்கும்போதே கத்திடும், அப்புறம்தான் அடி விழும். எண்ணெய் விட்டா நின்னுடும், நான்தான் விடறதில்லை. அந்தக் கீச்சு வந்தாத்தான் என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— இப்ப நீங்க ஒரு தடவை மிதிங்க மேடம்.

— ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு உங்களுக்கு?

— நீங்க மிதிங்க. நாலு தடவை, விடாம.

— கடைக்காரரே, பில்லு கேட்டேன்ல? போடறீங்களா, வேற கடைக்குப் போகட்டுமா?

— சார், ஒரு நிமிஷம் சும்மா இருங்க. மேடம், இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மூணாவது பாட்டுல டிரம்மு தனியாப் போகும்னேனே, அங்க ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி இது வரும். கீச்சு, டம். கீச்சு, டம். ஃபோன்ல கேட்டா தெரியாது, நல்ல ஸ்பீக்கர்ல மட்டும்தான் கேக்கும். நான் ஸ்பீக்கர் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு மாத்தினேன். மறுபடி வந்துச்சு, அதையும் மாத்தினேன். ரெண்டு ஸ்பீக்கர் மேடம்!

— என்ன உளர்றீங்க?

— கேக்கறவங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு, அது என்ன சத்தம்னு. அப்புறம் உங்க தம்பி மச்சினர் பேட்டில சொன்னார். ரெக்கார்டிங் ரூம் ஜன்னல்ல ஒரு குருவி உக்காந்து கத்துச்சு, அழகா இருக்கேன்னு விட்டுட்டோம்னு. நானும் நம்பினேன். எந்தக் குருவி தாளத்தோட கத்தும்னு யோசிக்கலை பாருங்க, என் புத்திய எதால அடிக்கிறது.

— அக்கா, வா, போகலாம். இவர் ஏதோ பெனாத்தறார்.

— மேடம், இந்த ஹெட்ஃபோனைக் காதுல மாட்டுங்க.

— எனக்கு வேண்டாம். அந்தப் பாட்டு எனக்கு வேண்டாங்க.

— இன்னிக்கு ஒரு தடவை கேளுங்க. பிடிக்கலைன்னா கழட்டி என் மூஞ்சில அடிங்க. தோ, போடறேன்.

— இந்தக் கீச்சு... இது என்னோடது.

— அம்மா? அம்மா, உக்காருங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். நிறுத்தாதீங்க, முழுசாக் கேக்கறேன்.

— அக்கா...

— பேசாத.

...

— டேய்.

— சொல்லுக்கா. போற வழில வண்டியில பேசிக்கலாம்.

— மிட்டாயைத் துப்பு.

— அக்கா, கடைல வெச்சு...

— கையில துப்புடா. ம். இப்ப சொல்லு. இது யார் வாசிச்சது?

— நீதான்.

— எத்தனை பாட்டு?

— எல்லாம்.

— அழிச்சுட்டாங்கன்னு சொன்னியே.

— அழிக்கலை. கம்பெனில அட்டைக்கு ஒரு மூஞ்சி கேட்டாங்கக்கா. நாப்பத்தெட்டு வயசுப் பொம்பளை, வெறுங்காலோட டிரம்மு முன்னாடி உக்காந்திருந்தா எவன் வாங்குவான்னாங்க. நான் சொல்லலை, அவங்கதான் சொன்னாங்க.

— நீ என்ன சொன்னே?

— நான் என்னக்கா சொல்ல முடியும்?

— தலைய ஆட்டினே.

— வீட்டுல என் பொண்டாட்டியும் ஒரே பாட்டு. என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க, என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு. அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் கம்பெனி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

— மத்தளத்தைப் பத்தி உன் வாயால பேசாத. அட்டைல என் மூஞ்சி வேண்டாம், சரி. பேரு வேண்டாம், அதுவும் போகட்டும். அன்னிக்கே வந்து, அக்கா, பேரை விட்டுக் குடுன்னு கேட்டிருந்தா அழுதுக்கிட்டாவது குடுத்திருப்பேன். ஆனா கால் போச்சுன்னு ஏண்டா சொன்னே?

— வேற என்ன சொல்லியிருந்தா நீ திருப்பி எதுவும் கேக்காம இருந்திருப்பே?

— சார், இது நியாயமே இல்லை சார். கூடப் பொறந்தவங்ககிட்ட போய்...

— நீங்க இருங்க கடைக்காரரே. ஒரு வருஷம்டா! மாடிப்படி எறங்கும்போது கூட ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு எறங்கினேன், எங்க கால் பின்னாடி விழுந்துடுமோன்னு. மெஷின் மிதிக்கும்போது தையல் கோணினா அன்னிக்குப் பூரா சோறு எறங்காது. எனக்கு டிரம்மே வேண்டாம்னு குச்சியெல்லாம் கட்டிப் பரண்ல போட்டேன். நீ வாரா வாரம் வந்து, சாப்பிட்டுட்டு, கால் எப்படிக்கா இருக்குன்னு விசாரிச்சே. எனக்குக் களிம்பு வாங்கிட்டு வந்து குடுத்தே. அதைத் தேச்சுக்கிட்டேண்டா நான்!

— தப்புதான்க்கா.

— உன்னைப் பாத்தா எனக்குக் குமட்டுது. அந்த சூயிங்கத்தைக் கூட நாக்கால எடுத்துடுவேன் போலிருக்கு, உன் மூஞ்சியப் பாக்க முடியலை. அதை விட என் மேலதான் எனக்கு அருவருப்பா இருக்கு. என் கால் என் ஒடம்புல இருக்கு. அதை நம்பாம உன் வாயை நம்பினேன் பாரு.

— சொன்னா கேளுக்கா. எல்லாம் நம்ம குடும்பத்துக்குள்ளதானே? வெளிய யாருக்கும் போகலையே.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, பந்தி நம்ம வீட்டுப் பந்திதானேங்கறான். சரி, இப்ப எதுக்குக் கூப்பிட்டே? நெஜத்தைச் சொல்லு. வாயில மிட்டாய் இல்லை, சுலபமா வரும்.

— ஞாயித்துக்கிழமை ரெக்கார்டு ஓட விடக் கூடாது, எல்லாம் நேர்லயே வாசிக்கணும்னு நிகழ்ச்சிக்காரங்க கண்டிஷன் போட்டுட்டாங்க. மச்சினனுக்கு மூணாவது பாட்டு வரவே மாட்டேங்குது. எட்டு மாசமா முயற்சி பண்றான்.

— துணைக்குன்னு சொன்னியே.

— துணைதான். முன்னாடி அவன் உக்காருவான். அடிக்கிற மாதிரி சும்மா கை காட்டுவான், அவன் டிரம்முக்கு மைக்கு கிடையாது. பின்னாடி கறுப்புத் திரை கட்டி, அதுக்கு அந்தப் பக்கம் நீ வாசிப்பே. மூணாவது பாட்டுதான் கடைசி. அது முடிஞ்சதும் அவன் எழுந்து முன்னாடி வருவான், அவ்வளவுதான்.

— அதான் சத்தமே வராத பெடலா!

— அந்தக் கீச்சு வந்தா எல்லாரும் மாட்டிக்குவோம்க்கா. குருவின்னு பேட்டி வேற குடுத்துத் தொலைச்சிருக்கான். மேடையில ஏது குருவி? முன் வரிசைல ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும். நம்ம குழுவே முடிஞ்சுது. உன் கால்ல வேணாலும் விழறேன், இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும்.

— என் கால்ல விழாத. அது சரியா இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது, உன் கை பட வேண்டாம்.

— சார், நான் ஒண்ணு சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நான்தான்...

— நீங்க வாயை மூடுங்க கடைக்காரரே. இது அக்கா தம்பி பேச்சு. உங்க வேலை பெடல் விக்கிறது, அதோட நிறுத்திக்குங்க.

— சரிம்மா. நிறுத்திட்டேன்.

— டேய், வாசிக்கறேன்.

— என்னக்கா?

— திரைக்குப் பின்னாடி வாசிக்கறேன்னு சொன்னேன். அது என் பாட்டு. வேற எவனும் அதைத் தப்பா வாசிச்சுக் கேக்க என்னால முடியாது.

— அக்கா! தெய்வம்கா நீ. எனக்குத் தெரியும், நீ விட்டுக் குடுக்க மாட்டேன்னு. கடைக்காரரே, அந்தப் புதுப் பெடலைப் பொட்டில வெச்சு ஒட்டுங்க. இந்தாங்க, பில்லுக்கு இதை வெச்சுக்குங்க. பழசு?

— பழைய இரும்புல போடச் சொல்லிடறேன். நீ போய் வண்டிய வாசலுக்குக் கொண்டா.

— இதோ, ரெண்டே நிமிஷம். அக்கா, கோவம் இல்லையே?

— போடா. அந்த மிட்டாயைக் கைல வெச்சுக்கிட்டே நிக்கற, பிசுபிசுன்னு. பாக்கவே சகிக்கலை.

...

— அம்மா, நான் சொல்றேனேன்னு நெனைக்காதீங்க. நானா இருந்தா அந்தச் சங்கிலிப் பெடலாலயே ஒண்ணு வெச்சிருப்பேன். நீங்க போய் வாசிக்கறேன்னு சொல்லிட்டீங்களே. எனக்கே கோவமா இருக்கு, உங்க மேல கூடத்தான்.

— கோவப்பட்டுக்குங்க, பரவாயில்லை. ஞாயித்துக்கிழமை சவுண்டு மிக்ஸர்ல உக்காரப் போறது நீங்கதானே?

— நான்தாம்மா. அதைச் சொல்ல வந்தேன், வாயை மூடுன்னுட்டீங்க.

— மூடினதுக்கு நன்றி. இப்ப அந்தப் பொட்டியப் பிரிச்சுப் புதுசை வெளிய எடுங்க. என் பழசை உள்ள வெச்சு ஒட்டுங்க. சீக்கிரம், அவன் வந்துடுவான்.

— பழசையா? அது கத்துமேம்மா!

— பாட்டு நடக்கும்போது கத்தினா கத்தட்டும், அதை எப்பவும் போல டிரம்மு மூடிடும். பாட்டு முடிஞ்சு மச்சினன் எழுந்து முன்னாடி வந்து கும்பிடு போடுவான்ல, அப்ப முன்னாடி டிரம்முல ஆள் இருக்காது. அப்ப நான் பாதி மிதி மிதிப்பேன். அடி விழாது, கீச்சு மட்டும் வரும். அதே தாளத்துல, விடாம.

— ஐயையோ. ஆனா அரங்கம் பூராக் கை தட்டுமேம்மா. அந்தச் சின்னச் சத்தம் யார் காதுல விழும்?

— அதுக்குத்தாங்க சொல்றேன். அவன் பணம் குடுத்த புதுப் பெடலை நீங்களே வெச்சுக்குங்க. அதுக்குப் பதிலா அந்தக் குருவிக்கு ஒரு நல்ல மைக்காக் குடுங்க.